திகதி மட்டும் போதுமா?

எங்கள் வரலாற்று மன்றத்துக்கு ஓர் அறிவித்தல் பலகை இருக்கிறது. நூலகத்துக்குப் போகும் வழியில், தண்ணீர்க் குழாய்களுக்கு எதிரே மாட்டியிருக்கும் அந்தப் பலகையின் வலது மூலையில் 'இன்றைய நாள்' என்று ஒரு கட்டம். உலக வரலாற்றில் அதே திகதியில் நடந்த ஒரு சம்பவத்தை ஒவ்வொரு காலையும் இரண்டு வரியில் அதில் எழுத வேண்டும். கடந்த ஆண்டு அந்த வெண்கட்டி என் கையில் இருந்தது. முதல் மணி அடிப்பதற்கு முன் எழுதி முடித்துவிட்டு, கையைத் தட்டிக்கொண்டு வகுப்புக்கு ஓடுவேன். வேலை முடிந்தது என்ற நிம்மதி அன்று முழுவதும் இருக்கும்.

டிசம்பர் 1 ஆம் திகதி நான் எழுதியது இது: '1955 - அமெரிக்காவில் ரோசா பார்க்ஸ் என்ற களைத்துப்போன தையற்காரி, பஸ்ஸில் தனது இருக்கையை வெள்ளையர் ஒருவருக்குக் கொடுக்க மறுத்தார். கறுப்பின மக்களின் போராட்டம் தொடங்கியது.'

அன்று இடைவேளையில் தரம் 8 இல் படிக்கும் தங்கை ஒருத்தி தண்ணீர்ப் போத்தலை நிரப்பிக்கொண்டே அதை வாசித்தாள். பிறகு என்னிடம் வந்து கேட்டாள்: "ராத்தா, இவங்கதானா முதல் ஆள்? இதுக்கு முந்தி ஒருத்தரும் எழும்பாம இருக்கல்லயா?"

"இல்லை, இவங்கதான் முதல்" என்றேன், கொஞ்சமும் யோசிக்காமல்.

அது தவறான பதில். அதைத் திருத்தத்தான் இந்தக் கட்டுரையை எழுதுகிறேன். திருத்தப் போய், திகதிகளை நாம் படிக்கும் முறையிலேயே ஒரு குறை இருப்பதாக எனக்குத் தோன்றியது. ஆபிரிக்க மக்களினதும், அடிமைகளாகக் கடல் கடத்தப்பட்ட அவர்களுடைய சந்ததியினரதும் வரலாற்றிலிருந்து சில நாட்களை எடுத்து அந்தக் குறையைச் சொல்ல முயல்கிறேன். ஒரு திகதியை மனனம் செய்வதோடு நிறுத்திவிட்டால், அந்தத் திகதி சொல்வதைவிட மறைப்பதே அதிகம் என்பது என் கருத்து.

முதலில், திகதியே இல்லாத ஒருவரிடமிருந்து தொடங்குகிறேன்.

பிரெட்ரிக் டக்ளஸ் அமெரிக்காவின் மேரிலாண்ட் மாநிலத்தில் அடிமையாகப் பிறந்தவர். தப்பிச் சென்று, பேச்சாலும் எழுத்தாலும் அடிமைமுறைக்கு எதிராக வாழ்நாள் முழுவதும் போராடியவர். தனது வாழ்க்கை வரலாற்றை 1845 இல் வெளியிட்டபோது, தொடக்கத்திலேயே தனக்குத் தன் வயது தெரியாது என்று அவர் எழுதினார். வெள்ளைக்காரப் பிள்ளைகள் எல்லோரும் தங்கள் வயதைச் சொல்லும்போது, தன்னால் மட்டும் சொல்ல முடியாதது சிறு வயதிலேயே அவரை வருத்தியது. எசமானிடம் கேட்கவும் முடியாது. அப்படிக் கேட்கும் அடிமை அடங்காதவன் என்று கருதப்பட்டான். ஆட்டுக்கும் மாட்டுக்கும் பிறந்தநாள் எதற்கு என்பது எசமானர்களின் எண்ணம். தாயிடமாவது கேட்டிருக்கலாமே என்றால், அவர் குழந்தையாக இருந்தபோதே தாயைப் பிரித்து வேறு தோட்டத்தில் வேலைக்கு விட்டுவிட்டார்கள். வேலை முடிந்த இரவுகளில் மைல் கணக்காக நடந்து வந்து மகனைப் பார்த்துவிட்டு, விடியுமுன் திரும்பிப் போவார் அந்தத் தாய். அவரும் டக்ளஸ் சிறுவனாக இருக்கும்போதே இறந்துவிட்டார்.

பின்னாளில் டக்ளஸ் தனக்கென ஒரு பிறந்தநாளைத் தானே தெரிவு செய்துகொண்டார். அது பெப்ரவரி 14. எங்கள் அடையாள அட்டையிலும் பரீட்சை விண்ணப்பத்திலும் நாம் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் நிரப்பும் அந்த ஒரு வரியை, ஒரு மனிதர் வளர்ந்த பிறகு தன் கையாலேயே தனக்கு எழுதிக்கொள்ள வேண்டியிருந்தது.

அந்தத் திகதி அவரோடு முடியவில்லை. கார்ட்டர் வூட்சன் என்ற வரலாற்றாசிரியர், அடிமைகளாக இருந்த பெற்றோருக்குப் பிறந்தவர். நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை செய்து, பிந்தித்தான் உயர்நிலைப் பாடசாலைக்குப் போனவர். 1912 இல் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் கலாநிதிப் பட்டம் பெற்றவர். பாடப்புத்தகங்களில் தன் மக்களின் வரலாறே இல்லை என்பதைக் கண்டு, 1926 இல் அதற்கென ஒரு வாரத்தை அவர் ஏற்படுத்தினார். பெப்ரவரியின் இரண்டாவது வாரத்தை அவர் தெரிவு செய்ததற்குக் காரணம், ஆபிரகாம் லிங்கனின் பிறந்தநாளான 12 உம் டக்ளஸின் பிறந்தநாளான 14 உம் அந்த வாரத்தில் வந்தமையே. அந்த நாட்களைக் கறுப்பின மக்கள் ஏற்கனவே கொண்டாடி வந்தனர். அந்த வாரமே 1976 முதல் ஒரு முழு மாதமாகி, இன்று அமெரிக்காவில் பெப்ரவரி மாதம் கறுப்பின வரலாற்று மாதமாக அனுட்டிக்கப்படுகிறது. பிறந்த திகதி மறுக்கப்பட்ட ஒருவர் தானாகத் தேர்ந்த நாளைச் சுற்றியே அந்த மாதம் அமைந்திருக்கிறது.

இனி, அந்தத் தங்கையின் கேள்விக்கு வருகிறேன்.

1955 பெப்ரவரியில் அலபாமா மாநிலத்தின் மொன்ட்கொமரி நகரில், கறுப்பினப் பிள்ளைகளுக்கென ஒதுக்கப்பட்டிருந்த ஒரு பாடசாலையில் அந்த வரலாறு படிப்பிக்கப்பட்டது. அந்த வகுப்பில் கிளோடெட் கொல்வின் என்ற 15 வயது மாணவி இருந்தாள். அடிமைகளைத் தப்புவித்த ஹரியட் டப்மனையும், அடிமையாய்ப் பிறந்து மேடையேறிப் பேசிய சொஜேர்னர் ட்ரூத்தையும் அவள் படித்தாள். மார்ச் 2 ஆம் திகதி பாடசாலை விட்டு பஸ்ஸில் வீடு திரும்பும்போது, ஒரு வெள்ளைக்காரப் பெண்ணுக்காக எழும்பச் சொன்னார் சாரதி. கொல்வின் எழும்பவில்லை. பொலிஸார் இருவர் வந்து அவளைப் பஸ்ஸிலிருந்து இழுத்து இறக்கி, கைவிலங்கிட்டுக் கொண்டு போனார்கள். ஒரு தோளை டப்மனின் கையும் மற்றத் தோளை ட்ரூத்தின் கையும் அழுத்திப் பிடித்து, தன்னை இருக்கையில் இருத்தியது போல இருந்தது என்று பின்னாளில் பல தடவை அவர் சொல்லியிருக்கிறார்.

ரோசா பார்க்ஸின் டிசம்பர் 1 வருவதற்கு ஒன்பது மாதங்களுக்கு முன்பு நடந்தது இது.

அப்படியானால் மார்ச் 2 ஏன் என் பலகைக்கு வரவில்லை? அந்நகரின் கறுப்பினத் தலைவர்கள், பஸ்களில் இருந்த நிறப்பாகுபாட்டை எதிர்த்துப் போராட ஒரு சந்தர்ப்பத்தைத் தேடிக்கொண்டுதான் இருந்தார்கள். கொல்வினின் வழக்கைப் பற்றியும் யோசித்தார்கள். ஆனால் அவளை முன்னிறுத்துவதில்லை என்று தீர்மானித்தார்கள். வயது போதாது. ஏழைக் குடும்பம். நிறமும் சற்று அதிகக் கறுப்பு. சில மாதங்களில், திருமணமாகாத நிலையில் அவள் கருவுற்றபோது அந்தத் தீர்மானம் இன்னும் உறுதியானது. எதிரிகள் அவளுடைய நடத்தையைப் பேசுவார்கள், போராட்டம் கெட்டுவிடும் என்று அவர்கள் அஞ்சினார்கள்.

இந்த இடத்தில் நான் நீண்ட நேரம் நின்றுவிட்டேன். அவர்களுடைய அச்சத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. தோற்றால் உயிர்கள் போகும் ஒரு போராட்டத்தை அவர்கள் நடத்தினார்கள். கொல்வினுடைய வாழ்க்கையில் நடந்தது எல்லாவற்றையும் சரியென்று சொல்லவும் நான் வரவில்லை. ஆனால் பஸ்ஸில் நடந்த அநியாயம் அவளுடைய ஒழுக்கச் சான்றிதழைப் பார்த்துவிட்டு நடந்ததல்ல. அநியாயம் செய்கிறவன் எவரையும் தெரிவு செய்து செய்வதில்லை. அதை எதிர்த்தவர்களை நினைவுகூரும்போது மட்டும் ஏன் நாம் இவ்வளவு கவனமாகத் தெரிவு செய்கிறோம்? பெண்களாகிய நமக்கு இந்தக் கேள்வி புதிதல்ல. ஒரு பெண்பிள்ளைக்கு ஏதாவது அநியாயம் நடந்தது என்று கேள்விப்பட்டால், என்ன நடந்தது என்று கேட்குமுன், அவள் எப்படிப்பட்ட பிள்ளை என்று கேட்கும் பழக்கம் நம்மிடமும் இருக்கிறது. கேட்கிறவர்களில் பெண்களும் இருக்கிறார்கள். நானும் கேட்டிருக்கிறேன்.

ரோசா பார்க்ஸின் பெருமையை இது ஒருபோதும் குறைக்காது. குறைத்தவள் நான்தான். அவர் களைத்துப்போன ஏதோ ஒரு தையற்காரியாக அன்று அங்கே இருக்கவில்லை. உரிமைப் போராட்ட அமைப்பின் நகரக் கிளையில் பல ஆண்டுகள் செயலாளராக இருந்தவர் அவர். கொல்வினையும் அறிந்திருந்தவர். என்ன நடக்கும் என்று தெரிந்தே இருந்தவர். அவர் கைதானதைத் தொடர்ந்து அந்நகரின் கறுப்பின மக்கள் 381 நாட்கள் பஸ்ஸில் ஏறாமல் நடந்தார்கள். நீதிமன்றத்தில் பஸ் பாகுபாட்டை வீழ்த்திய வழக்கு வேறொன்று. அது நான்கு பெண்களின் வழக்கு. அந்த நால்வரில் ஒருத்தியாகச் சாட்சிக் கூண்டில் ஏறியவள், அப்போது 16 வயதாகியிருந்த கிளோடெட் கொல்வின். 1956 நவம்பரில் உயர் நீதிமன்றம் அவர்களுக்குச் சார்பான தீர்ப்பை உறுதி செய்தது. சிறுமியாக இருந்தபோது அவள்மீது எழுதப்பட்ட குற்றப்பதிவு நீக்கப்பட்டதோ 2021 இல். அப்போது அவருக்கு 82 வயது.

ஆகவே, ஒரு திகதியைக் கண்டதும் நாம் கேட்க வேண்டிய முதலாவது கேள்வி அந்தத் தங்கை கேட்ட கேள்விதான்: இதற்கு முந்தி யார்?

தென்னாபிரிக்காவின் ஜூன் 16 ஐயும் இதே கேள்வியோடு பாருங்கள். 1976 இல் அன்றைய தினம் சொவேட்டோவில் ஆயிரக்கணக்கான மாணவர்கள் பாடசாலைச் சீருடையோடு வீதியில் இறங்கினார்கள். கணிதம் போன்ற பாடங்களை ஆட்சியாளரின் மொழியான ஆபிரிக்கான்ஸில்தான் கற்க வேண்டும் என்று நிறவெறி அரசு கட்டாயப்படுத்தியது. மாணவர்களுக்கு அது அந்நிய மொழி. ஆசிரியர்களில் பலருக்கே அது சரியாக வராது. பொலிஸார் பிள்ளைகள்மீது சுட்டார்கள். 12 வயதுச் சிறுவன் ஹெக்டர் பீட்டர்சனை ஒரு மாணவன் கைகளில் ஏந்தி ஓட, பக்கத்தில் அவனுடைய சகோதரி சீருடையோடு கதறிக்கொண்டு ஓடும் புகைப்படம் உலகமெல்லாம் போனது. அன்றே ஹேஸ்டிங்ஸ் நிட்லொவு என்ற 15 வயது மாணவனும் சுடப்பட்டு இறந்தான். அவன் விழுந்ததை எந்தப் புகைப்படக்காரரும் எடுக்கவில்லை. அதனால் அவன் பெயரை அறிந்தவர்கள் மிகக் குறைவு. இன்று அந்த நாள் ஆபிரிக்கச் சிறுவர் தினம். அந்தப் புகைப்படத்தை முன்னரே பார்த்திருக்கிறேன். ஆனால் அதிலுள்ள சகோதரிக்கு அப்போது என்னுடைய வயதுதான் என்பது இப்போதுதான் தெரிந்தது.

இரண்டாவது கேள்வி: இது அறிவித்த நாளா, வந்து சேர்ந்த நாளா?

அமெரிக்க அடிமைகளின் விடுதலை எப்போது என்று கேட்டால் 1863 ஜனவரி 1 என்று எழுதுவோம். லிங்கனின் பிரகடனம் நடைமுறைக்கு வந்த நாள் அது. ஆனால் டெக்சாஸ் மாநிலத்திலிருந்த அடிமைகள் அதற்குப் பிறகும் பருத்தித் தோட்டங்களில் அடிமைகளாகவே வேலை செய்தார்கள். 1865 ஜூன் 19 அன்று வட பகுதிப் படை கல்வெஸ்டன் துறைமுகத்துக்கு வந்து கட்டளையை வாசித்த பிறகுதான் அவர்களுக்கு விடுதலை. இடையில் போனது இரண்டரை ஆண்டு. பரீட்சைக்கு நாம் படிக்கும் திகதி காகிதத்தில் கையொப்பமிட்டவரின் திகதி. டெக்சாஸ் மக்கள் தலைமுறை தலைமுறையாகக் கொண்டாடி வந்ததோ ஜூன் 19 ஐ. அது 2021 இல்தான் அமெரிக்க நாட்டின் பொது விடுமுறையானது.

பிரித்தானியப் பேரரசில் அடிமைமுறையை ஒழித்த சட்டமும் இப்படித்தான். 1833 இல் சட்டம் நிறைவேறி, 1834 ஆகஸ்ட் 1 இல் நடைமுறைக்கு வந்தது. ஆனால் மேற்கிந்தியத் தீவுகளில் ஆறு வயதுக்குக் குறைந்த பிள்ளைகள் மட்டுமே அன்று முழுமையாக விடுதலை பெற்றார்கள். மற்றவர்களில் பெரும்பாலோர் 'தொழில் பயிலுநர்' என்ற புதிய பெயரில் அதே எசமானிடம் சம்பளமில்லாமல் 1838 ஆகஸ்ட் 1 வரை உழைக்க வேண்டியிருந்தது. இழப்பீடாக 2 கோடி பவுண் கொடுக்கப்பட்டது. அது உழைத்தவர்களுக்குக் கொடுத்ததல்ல, அவர்களை வைத்திருந்தவர்களுக்கு.

இன்னுமொன்று, இதை வாசித்தபோது நான் திடுக்கிட்டேன். அந்தச் சட்டத்திலிருந்து சில இடங்கள் பெயர் சொல்லி விலக்கப்பட்டிருந்தன. அவற்றில் ஒன்று இலங்கை. நம் நாட்டில் அடிமைமுறை சட்டப்படி ஒழிந்தது 1844 இல். அடிமைமுறை எங்கோ அமெரிக்காவில் நடந்தது என்று நினைத்திருந்த எனக்கு, கொழும்பின் கொம்பனித்தெருவுக்கு ஆங்கிலத்தில் ஏன் 'அடிமைத்தீவு' என்று பொருள்படும் பெயர் இருந்தது என்று ஒரு நாளும் கேட்கத் தோன்றவில்லை. ஒல்லாந்தர் தங்கள் அடிமைகளை அடைத்து வைத்த இடம் அது. பெரியம்மா வீட்டுக்குப் போகும்போதெல்லாம் புகையிரத நிலையத்தின் பலகையில் அந்தப் பெயரை வாசித்திருக்கிறேன்.

மூன்றாவது கேள்வி: இந்த நாளைத் தெரிவு செய்தவர் யார்?

பிரேசில் நாடு இதற்கு நல்ல உதாரணம். அங்கே அடிமைமுறை 1888 மே 13 இல் ஒழிந்தது. இளவரசி இசபெல் சட்டத்தில் கையொப்பமிட்டார். நீண்ட காலம் அந்த நாள்தான் விடுதலையின் நாளாகச் சொல்லப்பட்டு, இளவரசியின் கருணை புகழப்பட்டது. ஆனால் 1971 இல் போர்ட்டோ அலெக்ரே நகரைச் சேர்ந்த கறுப்பின இளைஞர்கள் சிலர் வேறொரு நாளை முன்வைத்தார்கள். அது நவம்பர் 20. தப்பி ஓடிய அடிமைகள் காட்டில் அமைத்துப் பல பத்தாண்டுகள் காத்து நின்ற பல்மாரிஸ் குடியேற்றத்தின் கடைசித் தலைவர் சூம்பி, 1695 இல் கொல்லப்பட்ட நாள். கையொப்பமிட்டவரின் நாளா, போராடியவரின் நாளா என்பதுதான் அவர்களுடைய கேள்வி. பல்லாண்டு முயற்சிக்குப் பிறகு 2024 முதல் நவம்பர் 20 பிரேசில் முழுவதற்கும் பொது விடுமுறை.

அதே பிரேசிலில் நம்முடைய கண்ணுக்கு மட்டும் உடனே பிடிபடும் ஒரு நாளும் இருக்கிறது. 1835 ஜனவரி 24 நள்ளிரவு கடந்து 25 விடியுமுன், சல்வடோர் நகரத் தெருக்களில் ஆபிரிக்க அடிமைகளும் விடுதலை பெற்றவர்களும் ஆயுதம் ஏந்தினார்கள். ஏறக்குறைய 600 பேர். அவர்களை முன்னின்று நடத்தியவர்கள் முஸ்லிம்கள். யொருபா, ஹவுசா இனத்தவர்கள். இரகசியமாகக் கூடி, ஒருவருக்கொருவர் ஓதவும் எழுதவும் கற்றுக்கொடுத்தவர்கள். செய்தி முதல்நாளே காட்டிக்கொடுக்கப்பட்டதால் எழுச்சி சில மணி நேரத்தில் அடக்கப்பட்டது. எழுபதுக்கு மேற்பட்டோர் இறந்தார்கள். இறந்தவர்களின் கழுத்திலும் பைகளிலும் குர்ஆன் வசனங்கள் அறபியில் எழுதிய தாள்களைப் பொலிஸார் கண்டெடுத்தார்கள்.

ஜனவரி 25 என்று மட்டும் பலகையில் எழுதினால் அது ஒரு குளிர்மாதத் திகதிதான். அது எந்த நாள் என்று ஹிஜ்ரி நாள்காட்டியில் பாருங்கள். 1250 ரமழான் 25. நோன்பின் கடைசிப் பத்து. லைலத்துல் கத்ர் இரவைத் தேடும் ஒற்றைப்படை நாட்களில் ஒன்று. எல்லாம் பறிக்கப்பட்டு, பெயர்கூட மாற்றப்பட்ட அந்த மனிதர்கள், தோட்ட முதலாளியின் நாள்காட்டிக்கு அடியில் தங்களுடைய பிறையை எண்ணிக்கொண்டே இருந்திருக்கிறார்கள். அவர்கள் ஏன் அந்த நாளைத் தெரிவு செய்தார்கள் என்பதை ஜனவரி ஒருபோதும் சொல்லாது. ரமழான் சொல்லும்.

இந்த இடத்தோடு கட்டுரையை முடித்திருந்தால் நமக்கெல்லாம் பெருமையாக இருந்திருக்கும். ஆனால் நான்காவது கேள்வி ஒன்று இருக்கிறது: நமக்கு வசதியில்லாத நாள் எது?

மீலாத் விழாப் பேச்சுப் போட்டிகளில் நாம் பிலால் (ரழி) அவர்களைப் பற்றிப் பேசுகிறோம். சுடுமணலில் நெஞ்சில் பாறை ஏற்றப்பட்ட அபிசீனிய அடிமை, இஸ்லாத்தின் முதல் முஅத்தினானார் என்று கண்கலங்கச் சொல்கிறோம். அடிமையை விடுதலை செய்வதைப் பெரும் நன்மையாகவும், பாவங்களுக்குப் பரிகாரமாகவும் போதித்த மார்க்கம் நம்முடையது. எல்லாம் உண்மை. ஆனால் 1873 ஜூன் 5 ஐ நாம் எந்த மேடையிலும் சொல்வதில்லை. சன்சிபாரின் சுல்தான் பர்காஷ், பிரித்தானியரின் நெருக்குதலுக்குப் பணிந்து, தன் ஆட்சியிலிருந்த அடிமைச் சந்தைகளை மூடச் சம்மதித்த நாள் அது. அதுவரை கிழக்காபிரிக்க மக்கள் அங்கே விலைக்கு நின்றார்கள். விற்றவர்களிலும் வாங்கியவர்களிலும் நம்முடைய கலிமாவைச் சொன்னவர்கள் இருந்தார்கள். அங்கே அடிமைமுறையின் சட்ட அந்தஸ்து நீங்க 1897 வரை சென்றது.

நம் நாட்டிலேயே, புத்தளத்தை அண்டி, ஆபிரிக்க வம்சாவளியினரின் சிறு சமூகம் ஒன்று வாழ்கிறது. அவர்களுக்கு ஊரார் வைத்த 'காப்பிரி' என்ற பெயரின் வேர், அறபு வணிகர்கள் ஆபிரிக்கக் கரையிலிருந்த, முஸ்லிம் அல்லாத மக்களை அழைத்த 'காஃபிர்' என்ற சொல். அதைப் போர்த்துக்கேயர் எடுத்துக்கொண்டார்கள். பிறகு அது நம் தெருக்களில் சுருட்டை முடியுள்ள பிள்ளைகளைக் கேலி செய்யும் சொல்லானது. எங்கள் வகுப்பிலும் ஒருத்தியை அப்படிக் கூப்பிட்டிருக்கிறோம். அவள் சிரித்துக்கொண்டுதான் இருந்தாள். அவளுக்கு வலிக்கவில்லை என்று நாங்கள் நினைத்துக்கொண்டோம்.

வெள்ளையர் செய்த அநியாயத்தை ஆத்திரத்தோடு எழுதுவது எனக்கு இலகு. அது என் வீட்டைத் தொடுவதில்லை. நம்மவர்கள் செய்ததையும், நானே செய்ததையும் எழுதும்போதுதான் பேனா நிற்கிறது. அந்தப் பேனா நிற்கும் திகதிகளையும் பலகையில் எழுதாவிட்டால், நாம் எழுதுவது வரலாறு ஆகாது. அடுத்தவர்மீது போடும் குற்றப்பத்திரிகை ஆகிவிடும்.

இதையெல்லாம் சொன்னபோது என் தோழி ஒருத்தி கேட்டாள்: "அப்ப திகதி பாடமாக்கத் தேவையில்லையா? பரீட்சையில புள்ளி யார் தருவாங்க?" நியாயமான கேள்வி. திகதிகள் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. டக்ளஸின் கதையைத் தெரிந்துகொண்ட பிறகு எவரும் அப்படிச் சொல்ல முடியாது. மனிதரை விலங்காக்க நினைத்தவர்கள் முதலில் பறித்தவற்றில் ஒன்று அவர்களின் திகதி. ஆகவே ஒவ்வொரு திகதியும் மதிப்புள்ளது. மதிப்புள்ளதாக இருப்பதனால்தான் அதை ஒரு புள்ளி வினாவுக்குரிய விடையாகச் சுருக்கிவிடக் கூடாது என்கிறேன். ஒரு பெப்ரவரி வாரத்தில் நடந்த பாடத்தை அந்த மொன்ட்கொமரி மாணவி பரீட்சைக்காக மட்டும் படித்திருந்தால், மார்ச் 2 அன்று சாரதி சொன்னதும் எழும்பியிருப்பாள். படித்தது அவளை இருக்கையில் இருத்தி வைத்தது. நாம் படிப்பது நம்மை என்ன செய்கிறது?

என்னிடம் பெரிய யோசனைகள் எதுவும் இல்லை. பலகையில் இரண்டு வரி எழுதும் வழக்கம் அப்படியே இருக்கட்டும். மூன்றாவதாக ஒரு வரியைச் சேர்ப்போம். அதில் விடை வேண்டாம், கேள்வி ஒன்றை எழுதுவோம். 'இதற்கு முந்தி யார்?', 'இது எப்போது வந்து சேர்ந்தது?', 'இந்த நாளைத் தெரிவு செய்தவர் யார்?', 'இதில் நம்முடைய பங்கு என்ன?' இவற்றில் எது பொருந்துமோ அது. தண்ணீர் குடிக்க வரும் பிள்ளைகளில் ஒருத்தியாவது அன்று நூலகத்துக்குள் நுழைந்தால் போதும். பொறுப்பாசிரியையிடம் கேட்டேன். "நல்லம், ஆனா நீங்கதான் முதல்ல தேடிப் படிக்கணும்" என்றார்.

அந்தத் தங்கைக்கு நான் சொன்ன தவறான பதில் இன்னும் அப்படியே இருக்கிறது. நூலகத்தில் தேடி உண்மையை அறிந்துகொண்ட மறுநாள் டிசம்பர் விடுமுறை தொடங்கிவிட்டது. சரி, மார்ச் 2 வரும்போது பலகையில் எழுதித் திருத்துவோம் என்று காத்திருந்தேன். மார்ச் 2 வந்தபோது ரமழான் விடுமுறை. பாடசாலை பூட்டிக் கிடந்தது. நம்முடைய பிறையே அந்த நாளை என் பலகையிலிருந்து எடுத்துக்கொண்டது.

அதனால் இந்தச் சஞ்சிகையில் எழுதுகிறேன். தங்கையே, நீ கேட்டது சரி. அவருக்கு முந்தி ஒருத்தி எழும்பாமல் இருந்தாள். அவள் பெயர் கிளோடெட் கொல்வின். அப்போது அவள் உன்னைவிட இரண்டு வயதுதான் மூத்தவள். அவளுக்கு முந்தியும் சிலர் இருந்திருக்கிறார்கள், அவர்களை நீ தேடு. அடுத்த ஆண்டு நான் பாடசாலையை விட்டுப் போகிறேன். வெண்கட்டிப் பெட்டி நூலக அலுமாரியின் கீழ்த்தட்டில், இடது பக்கம் இருக்கிறது.